அல் குசைஸில் எல்லோருக்கும் மூலம்

மருந்துக்கடைக்காரிக்குக் கை சுத்தமாக இருந்தால் போதாது, முகமும் அசையாமல் இருக்க வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்துப்போன என் சக பாவிகளுக்கு இது புரியும். ஒருவர் உள்ளே வந்து, குரலைத் தாழ்த்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கடைசியில் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு போனால் அவருக்கு இருமல் இல்லை என்று நமக்குத் தெரியும். தெரிந்ததைக் காட்டிக்கொண்டால் ஆள் மறுபடி வரமாட்டார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில வருஷங்கள் துபாயின் அல் குசைஸில் ஒரு சின்ன மருந்துக்கடையில் நான் பார்மசிஸ்ட். பெயர் சித்ரா, ஊர் கரூர். கடைக்கு மேலே ஒரு கிளினிக், அதற்கு மேலே குடும்பங்கள் குடியிருந்த ஃபிளாட்டுகள், இரண்டு தெரு தள்ளி லேபர் கேம்ப். என்னோடு வேலை பார்த்தவர் ஷாஜி, திருச்சூர்க்காரர், வெட்கப்பட்டே பாதி ஆயுளைக் கழித்தவர். அந்தக் கவுண்டரில் நான் அதிகம் கவலைப்பட்டது சர்க்கரை வியாதியைப் பற்றியோ ரத்தக் கொதிப்பைப் பற்றியோ இல்லை. படுக்கையில் பின்வழியாக உறவு கொள்வது பற்றித்தான். முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துவிட்டு வாருங்கள், நான் நிற்கிறேன்.

இருப்பது ஒரே வார்த்தை

இந்த விஷயத்துக்கு நம்மிடம் தெருவில் திட்டுகிற வார்த்தை இருக்கிறது, டாக்டர் புத்தகத்தில் அச்சடிக்கிற வார்த்தை இருக்கிறது. நடுவில், ஒரு மனுஷன் இன்னொரு மனுஷியிடம் சாதாரணமாகச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அதனால் எல்லோரும் “மூலம்” என்றார்கள். நிஜமாகவே மூலம் வந்தவரைக் கண்டுபிடிப்பது சுலபம். அவர் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி தன் கஷ்டத்தைச் சொல்வார், உட்காரச் சொன்னால் சண்டைக்கு வருவார். மற்ற வகை மூலம் எப்போதும் ஃப்ரெண்டுக்குத்தான் வந்திருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி வந்தவர்கள் பயந்துபோய், “இதனால வியாதி ஏதும் வருமா?” என்று மட்டும் கேட்பார்கள். பிறகு சீனப் பெண்கள் பை நிறைய நீலப்பட சிடியோடு ஃபிளாட் ஃபிளாட்டாகக் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள், வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டரும் வந்தது. கேள்வி மாறிவிட்டது. “இதுல லேடீஸுக்கும் சந்தோஷம் உண்டாமே, அப்படியா?” என்றார்கள். கேள்வி முன்னேறியதே என்று சந்தோஷப்பட்டிருப்பேன், ஆனால் கேட்டவர்களில் ஒருவர்கூட அந்த லேடீஸைக் கூடவே கூட்டிக்கொண்டு வரவில்லை. எனக்கும் உள்ளுக்குள் நடுக்கம்தான். இந்த ஊரில் கவுண்டரில் எதைப் பேசலாம், எதைப் பேசினால் லைசென்ஸ் போகும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொல்வேன். ஷாஜி பேச்சு தொடங்கும்போதே ஸ்டோர் ரூமுக்கு நகர்ந்துவிடுவார். ஒருநாள் வெளியே தலையை மட்டும் நீட்டிச் சொன்னார்:

“சேச்சி, அவரு போயோ? காலையிலேர்ந்து ஸ்டாக் நோக்கி நோக்கி, இனி எண்ணறதுக்கு ஒரு மாத்திரைகூட பாக்கி இல்லா!”

இடுப்பு பெல்ட்

மூன்றாவது மாடியில் செல்வகுமார் என்று ஒருவர் குடியிருந்தார். புதுக்கோட்டைப் பக்கம், ஒரு கட்டுமானக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். கல்யாணம் முடித்து மனைவி ரேவதியை ஃபேமிலி விசாவில் அழைத்து வந்திருந்தார். கடைக்கு இருவரும் சேர்ந்துதான் வருவார்கள். பேசுவது அவர், பேபி சோப் அலமாரியைப் பார்த்தபடி நிற்பது அந்தப் பெண். ஒரு சாயங்காலம் கிளினிக் சீட்டை நீட்டினார். இடுப்பு பெல்ட் என்று எழுதியிருந்தது. அளவு பார்க்க ரேவதியை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். “பரவால்லக்கா, நிக்கிறேன்” என்றாள். இடுப்பு வலிக்காரி குனிந்து கீழ்த்தட்டிலிருந்த டப்பாவை எடுத்துப் பார்த்ததையும் கவனித்தேன்.

என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கிளினிக்கில் இருந்தது எகிப்து டாக்டர். செல்வகுமார் அவரிடம், “வைஃபுக்கு பேக் சைடு பெயின்” என்று சொல்லியிருக்கிறார். நம் ஊரில் பேக் சைடு என்றால் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். எகிப்தில் அது முதுகு. டாக்டர் முதுகெலும்பைத் தட்டிப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, பெல்ட் எழுதிவிட்டார். வலி அங்கே இல்லை என்று சொல்ல புருஷனுக்கு இங்கிலீஷ் போதவில்லை, பெண்டாட்டிக்கு வாய் வரவில்லை. நான் ரேவதியைப் பார்த்து, “எங்கம்மா வலி?” என்று கேட்டேன். அவள் அவரைப் பார்த்தாள். அவர், “இங்கதான் மேடம்” என்று தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். பெல்ட்டை வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் நினைவு வந்தவர் மாதிரி, “மூலத்துக்கும் ஒரு ஆயின்மென்ட் குடுத்துருங்க” என்றார்.

அதைப் பொட்டலம் கட்டும்போது அவர் யாரோடோ போனில் பேச வாசலுக்குப் போனார். ரேவதி கவுண்டருக்கு வந்து, முதன்முறையாக என்னிடம் அவளாக ஒரு கேள்வி கேட்டாள்:

“அக்கா, அந்த எக்ஸ்ரே படத்துல எதுவரைக்கும் தெரியும்?”

பேங்க் மேடம்

எல்லோரும் கிசுகிசுத்துக்கொண்டிருந்த கடையில் ஒரே ஒருத்தர் மட்டும் சாதாரணக் குரலில் பேசுவார். சென்னைக்காரர், பேங்கில் பெரிய வேலை, மகன் காலேஜுக்குப் போய்விட்டான். ஒருநாள் இருமல் மிட்டாயோடு சேர்த்து, தண்ணீரில் கரைகிற ஜெல் ஒன்று வேண்டும் என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். ஷாஜி ஸ்டாக் எடுக்கப் போய்விட்டார். நான் பழக்கதோஷத்தில் குரலைத் தாழ்த்தினேன். “ஏன் சித்ரா, நான் என்ன திருடிட்டா போறேன்? என் வீட்டுக்காரரோடதானே!” என்று சிரித்தார்.

பல வருஷம் முன்னால் கணவர்தான் பேச்சை எடுத்தாராம். இவர் சீ என்று சொல்லிவிட்டார், அவரும் அதோடு விட்டுவிட்டார். பிறகு இவருக்கே ஒரு ஆசை வந்து, படித்துப் பார்த்து, கேட்டுப் பார்த்து, மெதுவாகப் பழகிக்கொண்டார்கள். இப்போது இவருக்கு அது பிடிக்கும், அவருக்குத்தான் கூச்சம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதில் ஒருவர் கேட்பார், ஒருவர் பல்லைக் கடித்துக்கொள்வார், அவ்வளவுதான் என்று நான் முடிவுகட்டி வைத்திருந்தேன். ஒரு பெண்ணுக்கு அதில் சுகம் இருக்கலாம் என்பதை, இத்தனை பேர் கேட்டும், நான் ஒருநாளும் நம்பியதில்லை. தொழில் தர்மத்தை மறந்து, “வலிக்கலையா மேடம்?” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“வலிக்கிற மாதிரி இருந்தா, வேண்டாம்னு தோணினா, ‘கரண்ட் போச்சு’ன்னு சொல்வேன். அதோட அவர் எழுந்து போய் ரெண்டு பேருக்கும் காபி போட்டுடுவார். இந்த ஊர்ல கரண்டே போறதில்லையே சித்ரா, அந்த வார்த்தையை வேற எதுக்கு வச்சுக்கறது?”

வெள்ளிக்கிழமை வந்தவர்

வெள்ளிக்கிழமை கேம்ப் ஆட்கள் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வருவார்கள். தைலம், முகப் பவுடர், ஊருக்குக் கொண்டுபோக வைட்டமின் மாத்திரை வாங்குவார்கள். அரியலூர்க்காரர் ஒருவர், என்னைவிட வயதானவர், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குக் கூட்டம் கலையும்வரை தைலப் பாட்டில்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, லீவில் ஊருக்குப் போவதாகவும், பெண்டாட்டியோடு சேருவதற்கு முன்னால் தன் ரத்தத்தில் ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னார். இங்கே டெஸ்ட் எடுத்து ஏதாவது வந்தால் விசாவைக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிவிடுவார்களே என்றார். பெண்களிடம் போனீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை, அவரே, “ரூம்ல ஒருத்தரு” என்றார்.

இந்த ஊரில் அது ஜெயிலுக்குப் போகிற விஷயம். வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். ஊரில் இறங்கியதும் வீட்டுக்குப் போகுமுன் அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னேன், யாரிடமும் எதுவும் விளக்க வேண்டியதில்லை என்றேன். அதுவரைக்கும், அதற்குப் பிறகும் காண்டம் இல்லாமல் கூடாது என்று ஒரு டப்பாவைத் தைலத்தின் அடியில் வைத்துக் கொடுத்தேன். நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்திருந்தார் போல. திட்டாததால் போகாமல் நின்றார்.

“தப்பா சரியான்னு உங்களைக் கேக்கலக்கா. சைட்டுல நம்பரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. இங்க எம்பேரச் சொல்லிக் கூப்பிடுறது அந்த ஒராள்தான்.”

மரத்துப்போகிற மருந்து

செல்வகுமார் தனியாக வந்தார். மூலம் என்ற பேச்சே இல்லை. ஒரு க்ரீமின் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வந்திருந்தார். பல் டாக்டர் ஊசிக்கு முன் தடவுகிற மாதிரி, இடத்தை மரத்துப்போக வைக்கிற க்ரீம். ஆபீசில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எதற்கு என்றேன். வைஃபுக்கு என்றார். என் முகம் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அசைந்துவிட்டது. “தர மாட்டேன்” என்றேன். ஸ்டாக் இல்லை என்று சொல்லியிருக்கலாம். தர மாட்டேன் என்றுதான் வாயில் வந்தது.

அவருக்குச் சுருக்கென்றது. நாலு பேர் செய்வதுதானே, வெளிநாட்டில் எல்லாம் சகஜம், நம் ஆட்கள்தான் பின்தங்கியிருக்கிறோம், அவளும் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்றுதானே மருந்து கேட்கிறேன் என்று படபடவென்று பேசினார். நான் சொன்னேன்: “வலி போயிட்டா சந்தோஷம் வந்துராது சார். காயம் படுறது தெரியாமப் போகும், அவ்வளவுதான். வலிச்சா நிறுத்தணும். அதுக்குத்தான் வலியே இருக்கு.” சொல்லும்போது என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. நாளைக்கு இவர் முதலாளியிடம் போய், பார்மசிஸ்ட் அசிங்கமாகப் பேசினாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் என் கதி என்ன என்ற பயம் அடுத்த நொடியே வந்துவிட்டது. ஆனால் அந்த மனுஷன் என்னைவிடப் பயந்து போயிருந்தார். கோபமெல்லாம் வடிந்து, கவுண்டர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“வலிக்குதுன்னு அவ ஒருநாள்கூட சொன்னதில்லையே மேடம்.”

மெடிக்கல்

அதற்குப் பிறகு கடைக்கு போன் வந்தாலே எனக்குப் படபடப்புதான், முதலாளியாக இருக்குமோ என்று. முதலாளி வரவில்லை, ரேவதி வந்தாள். மத்தியானம், கடையில் யாருமில்லை. முகம் கறுத்து, ஆள் இளைத்துப்போயிருந்தாள். விசா புதுப்பிக்க மெடிக்கலுக்குப் போக வேண்டுமாம். கல்ஃபில் இருந்தவர்களுக்கு மெடிக்கல் என்ற வார்த்தை போதும்; அந்த உடல் பரிசோதனையில் தேறாவிட்டால் விசா இல்லை, ஊருக்கு டிக்கெட்தான். இவளுடைய பயம் தனி. “அன்னைக்கு மேல கிளினிக்ல எடுத்த எக்ஸ்ரேல அந்த டாக்டரு கண்டுபிடிக்கல. இது கவர்மென்டுக்கா, கண்டுபிடிச்சுருவாக. அன்ஃபிட்டுனு அடிச்சு அனுப்பிட்டா, ஊர்ல எதுக்கு அனுப்புனாகன்னு கேப்பாகளே, நான் என்னான்னு சொல்லுவேன்?” என்று அழுதாள்.

சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. மெடிக்கலில் நெஞ்சைத்தான் எக்ஸ்ரே எடுப்பார்கள், காசநோய் இருக்கிறதா என்று பார்க்க, இதெல்லாம் அதில் தெரியாது, ரத்தத்திலும் தெரியாது என்று நிதானமாகச் சொன்னேன். இரண்டு தரம் சொல்ல வைத்தாள். பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. ரத்தம் போகிறது. சாப்பிடவே பயம். பர் துபாய் கோயிலுக்கு அவர் கூட்டிப்போனால் உள்ளே போகாமல் பூக்கடை ஓரத்தில் செருப்புகளைக் காவல் காத்துக்கொண்டு நிற்கிறாள். தீட்டு என்று அவர் நினைத்துக்கொள்கிறார். இவளுக்கோ, தன் உடம்பே சாமி முன்னால் நிற்க லாயக்கில்லாததாகப் போய்விட்டது என்று எண்ணம். எனக்கு அந்தச் செருப்பு விஷயம்தான் தாங்கவில்லை. “நீ ஒரு தப்பும் பண்ணலம்மா. உனக்குப் பிடிச்சிருந்தா அதுவும் தப்பில்ல. பிடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்றதும் தப்பில்ல” என்றேன். பக்கத்துத் தெருவிலிருந்த லேடி டாக்டருக்கு நானே போன் செய்து நேரம் வாங்கினேன். நல்ல தமிழில் எங்கே வலி என்று சொல்லச் சொன்னேன், அந்த டாக்டர் மதுரைக்காரர்.

வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது என்றாள். அப்போது பேங்க் மேடத்தின் வார்த்தை ஞாபகம் வந்து, யார் என்று சொல்லாமல் அந்த ‘கரண்ட் போச்சு’ கதையைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். கிளம்பும்போது திரும்பி நின்றாள்:

“சொல்லிருவேன்க்கா. சொன்னபொறவு அவுக மொகம் மாறிப்போச்சுன்னா? இந்த ஊர்ல அவுகளை விட்டா எனக்கு யாரு இருக்கா?”

கரண்ட் போச்சு

அவளை அனுப்பிவிட்டு நான் நிம்மதியாக இருந்தேன் என்று நினைக்காதீர்கள். என் வீட்டில் குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் பத்துத் தடவை ரேவதியை நினைத்துக்கொண்டேன். சொன்னாளா, சொல்லி அவர் முகம் மாறிவிட்டதா, பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டாரா? மூன்றாம் மாடி லிஃப்ட் பக்கம் போய் நிற்கலாமா என்றுகூடத் தோன்றியது. அடுத்தவர் குடும்பத்தில் வாயை வைத்துவிட்டு இப்படி அவஸ்தைப்படுவதற்கு ஷாஜி மாதிரி ஸ்டாக் எடுக்கப் போயிருக்கலாம்.

ஒரு சாயங்காலம் இருவரும் வந்தார்கள். இந்தத் தடவை செல்வகுமார் நேராகப் போய் பேபி சோப் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். என்னைப் பார்க்கவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது. ரேவதி கவுண்டருக்கு வந்து லேடி டாக்டரின் சீட்டைக் கொடுத்தாள். ஆறுவதற்கு மருந்து, மலம் இளகுவதற்கு மருந்து. மெடிக்கல் ஃபிட் என்றாள். நான் நாற்காலியைக் காட்டினேன். கொஞ்சம் யோசித்து, ஓரமாக, ஆனால் உட்கார்ந்தாள்.

“சொன்னியா?” என்று உதட்டை மட்டும் அசைத்தேன். சொன்னாளாம். ஆனால் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவரிடம் முன்கூட்டிப் பேசிவைக்க வேண்டும் என்பது இவளுக்குத் தோன்றவே இல்லை. நேரம் வந்தபோது திடீரென்று “கரண்ட் போச்சு” என்றிருக்கிறாள். மனுஷன் பதறி எழுந்து சுவிட்சைத் தட்டிப் பார்த்து, ஏசி ஓடுகிறதா என்று கை வைத்துப் பார்த்து, பக்கத்து பில்டிங்கில் லைட் எரிகிறதா என்று ஜன்னலையும் திறந்திருக்கிறார். “எல்லாம் நல்லாத்தானே இருக்கு, எங்க கரண்ட் போச்சு?” என்று கேட்டதும் இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஊருக்கு வந்து அப்படிச் சிரித்ததே இல்லையாம். சிரிப்பு அழுகையாகி, அழுகையோடு வலி, ரத்தம், பூக்கடை ஓரம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருக்கிறாள். அவர் கட்டிலில் ஏறவில்லை, தரையில் உட்கார்ந்தே கேட்டாராம். அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் அவர், உள்ளே போனது இவள். இதைச் சொல்லிவிட்டு, அவருக்கும் கேட்கட்டும் என்பது போல ரேவதி குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல் சொன்னாள்:

“‘மொதல்லயே சொல்லியிருக்கலாமே ரேவதி’ன்னாக. ‘மொதல்லயே கேட்டிருக்கலாமே’ன்னேன்.”

அதற்குப் பிறகு மூலத்துக்கு மருந்து கேட்டு எந்த ஆண் வந்தாலும் “வீட்டுக்காரங்களையும் கூட்டிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுத்தான் அலமாரியைத் திறந்தேன், நிஜமாகவே மூலம் வந்த பாவப்பட்டவர்கள் சிலர் உட்காரவும் முடியாமல் பெண்டாட்டியோடு வந்து நின்று, என்னைப் பைத்தியக்காரி என்று திட்டிவிட்டுப் போனார்கள்.